கொரோனா ஊரடங்கின் முதல் வாரங்களில் உங்கள் வீட்டில் எது பெரிய கவலையாக இருந்தது? எப்படிச் சமாளித்தீர்கள்?

நோய் வந்துவிடுமோ என்ற பயம் எங்கள் வீட்டிலும் இருந்தது. ஆனால் 2020 மார்ச்சிலும் ஏப்ரலிலும் என்னை நடு இரவில் எழுப்பி உட்கார வைத்தது அந்தப் பயம் அல்ல. அம்மாவின் இன்சுலின் போத்தல்.

எங்கள் ஊர் தம்பிலுவில், இலங்கையின் கிழக்கில் அம்பாறை மாவட்டத்தின் கரையோரம், திருக்கோவிலுக்குப் பக்கம். வீட்டில் அம்மா, நான், கணவர், இரண்டு பிள்ளைகள். எங்கள் பகுதியில் வீடு பெண்பிள்ளைக்குத்தான், அதனால் கல்யாணத்துக்குப் பிறகு அவர்தான் இங்கே வந்தார். நான் முன்பள்ளி ஆசிரியை, அவர் ஆட்டோ ஓட்டுகிறார். மார்ச் 13 முதல் பள்ளிக்கூடங்களை மூடிவிட்டார்கள். முன்பள்ளியும் அதோடு நின்றது. பிள்ளைகள் வந்தால்தான் பெற்றோர் மாதக் காசு தருவார்கள், அந்தக் காசில்தான் என் சம்பளம். சரி, அவருடைய உழைப்பு இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே மார்ச் 20, வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு நாடு முழுவதும் ஊரடங்கு போட்டார்கள்.

அன்று பின்னேரம் அம்மா செய்த வேலையை மறக்க முடியாது. எல்லோருடைய அடையாள அட்டைகளையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களையும் எடுத்து ஒரு பையில் போட்டுக் கட்டினார். விளக்குக்கு மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று பார்த்தார். கிணற்றில் அள்ளிக் குடங்களை நிரப்பி வைத்தார். "இது நோய்க்குப் போட்ட ஊரடங்கு அம்மா, பை எதுக்கு?" என்று கேட்டேன். "ஊரடங்கு எண்டா ஊரடங்குதான் புள்ள" என்றார். 1990 இல், யுத்தத்துக்குள் எங்கள் பக்கம் எப்படி இருந்தது என்று தெரிந்தவர்களுக்கு அந்தப் பை ஏன் என்று சொல்லத் தேவையில்லை. நான் அப்போது பிறக்கவே இல்லை. அவரோடு வாதாடாமல் விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை காலையில் சில மணி நேரம் தளர்த்தினார்கள். சங்கக்கடை முன்னால் பெரிய வரிசை. அதற்குச் சில நாள் முன்புதான் பருப்பு கிலோ 65 ரூபாய், டின்மீன் 100 ரூபாய் என்று அரசாங்கம் விலை குறித்திருந்தது. விலை குறித்த நாளிலிருந்து இரண்டையும் கடைகளில் காணவில்லை. அரிசிக்கு எங்கள் பக்கம் பஞ்சமில்லை. பெரும்போக அறுவடை அப்போதுதான் முடிந்திருந்தது, மாமா வீட்டிலிருந்து ஒரு மூட்டை நெல் வந்தது. முருங்கை முற்றத்தில், மரவள்ளி வளவுக்குள். சோற்றுக்கு நாங்கள் அழவில்லை. பால்மாவுக்கும் தேயிலைக்கும் சீனிக்கும்தான் கணக்குப் பார்க்க வேண்டியிருந்தது.

இப்போது போத்தலுக்கு வருகிறேன். எங்களிடம் பிரிட்ஜ் இல்லை. எட்டு வருடமாக அம்மாவின் இன்சுலின் இருந்தது பக்கத்து வீட்டு மச்சாளின் பிரிட்ஜில். முட்டை வைக்கும் தட்டுக்குக் கீழே அதற்கென்று ஓர் இடம். காலையும் மாலையும் அம்மா வேலியருகே போய் நிற்பார், மச்சாள் போத்தலை எடுத்து நீட்டுவார், அம்மா ஊசி போட்டுக்கொண்டு திருப்பிக் கொடுப்பார். அப்படியே பத்து நிமிடம் ஊர்க்கதை. மச்சாளின் மூத்த மகளுக்குக் கொழும்புப் பக்கம் கட்டுநாயக்கவில் கார்மெண்ட் வேலை. ஊரடங்கு போடுவதற்கு முந்திய இரவு எப்படியோ பஸ் பிடித்து வந்து சேர்ந்துவிட்டாள். இரண்டாம் நாள் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து அவர்கள் கேற்றில் நோட்டீஸ் ஒட்டினார். 14 நாள் வீட்டுத் தனிமைப்படுத்தல், யாரும் போகவும் கூடாது, வரவும் கூடாது. இன்சுலின் அந்த நோட்டீஸுக்கு அந்தப் பக்கம்.

மச்சாள் அன்றைக்கே போத்தலை ஒரு பொலித்தீன் பையில் கட்டி, சவர்க்காரத் தண்ணீரால் துடைத்து, வேலிக் கம்பில் தொங்கவிட்டுவிட்டு உள்ளே போனார். அழுதுகொண்டு போனதை நான் பார்த்தேன். கிளினிக் தாதி ஒருவருக்குப் போன் எடுத்துக் கேட்டபோது மண்பானை வழி சொன்னார். புது மண் முட்டியில் கொஞ்சம் தண்ணீர், அதற்குள் நன்றாக மூடிய ஒரு டப்பாவில் போத்தல், மேலே ஈரத் துணி, வெயில் படாத மூலை. மண் வழியே தண்ணீர் கசிந்து காயும்போது உள்ளே குளிரும். பிரிட்ஜ் போல இருக்காது, ஆனால் வெளி வெக்கையை விடக் குறைவாக இருக்கும். அம்மா அந்த முட்டியைச் சாமியறை மூலையில் வைத்தார். யாரையும் தொட விடவில்லை. அதில் நான் சந்தோசப்பட்டேன், கவனமாக இருக்கிறாரே என்று.

கணவரின் கவலை வேறு. ஆட்டோ லீசிங் தவணை. ஆட்டோக்காரர்களுக்கு ஆறு மாதத் தவணைச் சலுகை என்று அறிவித்தார்கள். ஆனால் எங்களுக்குத் தவணை தள்ளிப் போனதே தவிர வட்டி தள்ளிப் போகவில்லை. அது பிறகுதான் தெரிந்தது. அரசாங்கம் கொடுத்த 5000 ரூபாய் கொடுப்பனவின் முதல் பட்டியலில் எங்கள் பெயர் இல்லை, அடுத்ததில் வந்தது. இடைப்பட்ட நாட்களில் எங்களுக்குச் சாமான் தந்தது பக்கத்து ஊரான அக்கரைப்பற்றில் கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் நானா. என் கணவர் அவருக்குச் சாமான் ஏற்றி இறக்குகிறவர். "காசு மறுகா பாப்பம், புள்ளையளுக்கு மா கொண்டு போ" என்று அனுப்பினார்.

ஏப்ரல் இரண்டாம் வாரம் அக்கரைப்பற்றில் தொற்று கண்டுபிடித்தார்கள். அம்மாவின் கிளினிக் அங்கேதான், திகதியும் அந்த வாரம்தான். ஊருக்குள் உடனே பேச்சு மாறியது. அக்கரைப்பற்றுச் சாமான் வாங்காதே, அங்கே இருந்து வருகிறவனை மறி என்று ஆளாளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. முந்தின கிழமை வரை அந்த மாவில்தானே பிட்டு அவித்தோம். நானாவுக்குப் போன் எடுத்தேன். சுகம் விசாரித்து முடிந்த பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "வருத்தம் வந்தா வரட்டும் தங்கச்சி. மவுத்தாப்போனா எரிச்சிருவாங்களே, அதுதான் நெஞ்சுக்குள்ள கிடக்கு." அந்த ஏப்ரலில்தான் கொரோனாவால் இறந்தவர்களை எரிக்கவே வேண்டும் என்று அரசாங்கத்தின் வர்த்தமானி அறிவித்தல் வந்தது. 2021 பெப்ரவரியில்தான் அது மாறியது, அதற்குப் பிறகு மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில் அடக்கம் செய்ய விட்டார்கள். என் கவலை ஒரு போத்தல். அவர் சுமந்தது எவ்வளவு பெரியது என்று அன்றைக்குத்தான் விளங்கியது. என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் "அப்படி ஒண்டும் வராது நானா" என்று மட்டும் சொன்னேன்.

சித்திரை வருடப்பிறப்பு வந்தது. கோயிலுக்குப் போய் மருத்துநீர் வாங்க வழியில்லை, மஞ்சளும் அறுகம்புல்லும் வேப்பிலையும் கிடைத்ததை அவித்து வீட்டிலேயே வைத்துக் குளித்தோம். அம்மா பிள்ளைகளுக்குக் கைவிசேடம் ஆளுக்கு இருபது ரூபாய் கொடுத்தார். கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார். வருடப்பிறப்பன்று பகலில் படுக்கிறவர் அல்ல. சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தார், இரவில் நாலைந்து தடவை வெளியே போனார். நான் சித்திரை வெக்கை என்று நினைத்தேன். "வைகாசியில அம்மாளுக்குக் குளிர்த்தி நடக்குமா புள்ள?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கண்ணகை அம்மன் சடங்கு நின்றுவிடுமோ என்ற யோசனையில் சோர்ந்து போயிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். இதை எழுதும்போதும் என் மேல் எனக்குக் கோபம் வருகிறது.

மச்சாள் வீட்டு நோட்டீஸை ஏப்ரல் முதல் வாரமே எடுத்துவிட்டார்கள். பிரிட்ஜில் வைக்கத் தரும்படி மச்சாள் கேட்டும் அம்மா போத்தலைக் கொடுக்கவில்லை, முட்டிக்குள் நன்றாக இருக்கிறது என்றார். ஏப்ரல் 16 அன்று மச்சாள் விடாப்பிடியாக வந்து, தானே எடுத்துக்கொண்டு போனார். ஐந்து நிமிடத்தில் வேலிக்கு மேலால் என்னைக் கூப்பிட்டார். போத்தலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார்.

"இது எப்ப உடைச்ச போத்தல்?"

"முதல் ஊரடங்குத் திங்கட்கிழமை."

"அப்ப இது முடிஞ்சிருக்கணுமே மச்சாள். பாதி கிடக்கு."

கணக்கு மிக எளிது. அம்மாவுக்குக் காலையில் 24, மாலையில் 16, ஒரு நாளைக்கு 40 அலகு. ஒரு போத்தலில் 1000 அலகு. 25 நாளில் முடிந்துவிடும். அன்று சரியாக 25ஆம் நாள். எட்டு வருடம் தினமும் இரண்டு தடவை அந்தப் போத்தலைக் கையில் எடுத்த மச்சாளுக்குப் பார்த்த உடனே விளங்கியது. ஒரே வீட்டில் இருந்த எனக்கு விளங்கவில்லை.

அம்மாவிடம் கேட்டோம். முதலில் மறுத்தார், பிறகு தலையைக் குனிந்துகொண்டார். ஊரடங்கு போட்ட முதல் நாளிலிருந்தே பாதி பாதியாகப் போட்டிருக்கிறார். "முடிஞ்சா எங்க போறது? அவனுக்கும் உழைப்பில்ல. அந்தக் காலத்தில அரிசியக் குறைச்சிக் காய்ச்சினம், உயிரோடதானே இருக்கம்."

சீனி பார்க்கும் மீற்றரில் 412 காட்டியது. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். வழியில் பொலிஸ் மறித்தார்கள், கிளினிக் கொப்பியைக் காட்டியதும் விட்டார்கள். ஆஸ்பத்திரியில் ஓர் இரவு வைத்திருந்து சேலைன் ஏற்றி, சீனியைக் குறைத்து அனுப்பினார்கள். பழைய கிளினிக் கொப்பியைப் பார்த்து ஒரு மாதத்துக்கு இன்சுலினும் தந்தார்கள், ஒரு சதம் செலவில்லை. இந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியிலேயே முன்பே கிடைத்திருக்கும். கிளினிக் அக்கரைப்பற்றில் என்பதால் அங்கே மட்டும்தான் கிடைக்கும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். முதல் கிழமையே நான் ஒரு போன் எடுத்துக் கேட்டிருக்கலாம். டொக்டர் அந்தப் பாதிப் போத்தலை வாங்கிப் பார்த்தார். திறந்து ஒரு மாதம் ஆகப்போகிறது, சித்திரை வெக்கையில் இருந்திருக்கிறது, இதை நம்பிப் போட வேண்டாம் என்று குப்பையில் போட்டார். அம்மா 25 நாள் உடம்பை வருத்திச் சேமித்தது அந்தப் பாதி. அது கூடைக்குள் விழுவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

எப்படிச் சமாளித்தீர்கள் என்றும் கேட்டிருந்தீர்கள். உங்கள் வீட்டிலும் இன்சுலின் போடுகிற ஒருவர் இருந்தால் இதைக் கவனியுங்கள்: "மருந்து இருக்கா?" என்று மட்டும் கேட்காதீர்கள். இருக்கு என்றுதான் சொல்வார்கள், எங்கள் அம்மாவிடமும் நிறைய இருந்தது. எத்தனை நாளில் முடிய வேண்டும் என்று கணக்குப் போட்டு, போத்தலை நீங்களே பாருங்கள். அளவுக்கு மேல் மிஞ்சியிருந்தால்தான் பயப்பட வேண்டும். தண்ணீர் விடாயும் இரவில் அடிக்கடி சிறுநீரும் இருந்தால் வெயில் என்று நினைத்துச் சும்மா இருக்காதீர்கள். குறைத்துப் போட்டது தெரிந்தால் ஏசாதீர்கள், டொக்டரிடம் கொண்டு போங்கள். நான் ஆட்டோவுக்குள் வைத்து அம்மாவை ஏசிவிட்டேன், அது இன்னும் மனதில் கிடக்கிறது.

ஏப்ரல் 20 அன்று பல மாவட்டங்களில் பகலில் ஊரடங்கைத் தளர்த்தினார்கள். அக்கரைப்பற்றுப் பொலிஸ் பிரிவில் தளர்த்தவில்லை. நானாவின் கடை மேலும் பல நாள் பூட்டியே கிடந்தது. திறந்த அன்று கணவர் கடன் காசில் பாதியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார், மிச்சத்தை அடுத்த போகத்தில் கொடுத்தோம்.

போத்தல் மறுபடி மச்சாள் வீட்டு முட்டைத் தட்டுக்குக் கீழேதான். நான் ஒவ்வொரு புதுப் போத்தலின் லேபலிலும் உடைத்த திகதியைப் பேனாவால் எழுதி, கிழமைக்கு ஒன்றாக நாலு கோடு போட்டு விடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மச்சாள் வேலிக்கு மேலால் கூப்பிட்டு எந்தக் கோட்டில் நிற்கிறது என்று சொல்வார். அம்மாவுக்கு அது பிடிக்காது. "என்னைக் களவெடுக்கிறவள் மாதிரிப் பாக்கிறாளுகள்" என்பார். மச்சாள் சிரித்துக்கொண்டே போத்தலை நீட்டுவார்.