நேரா டெக் சைட்மவுன்ட்ல சேரலாமா?

கேள்வி: அக்கா, நான் டர்பன் சாட்ஸ்வர்த்ல இருக்கேன், அலிவால் ஷோல் பாறைத்திட்டுல அடிக்கடி டைவ் பண்றவன், அட்வான்ஸ்ட் ஓப்பன் வாட்டர் (ரெண்டாவது லெவல் டைவ் கோர்ஸ்) முடிச்சாச்சு. முதுகுல சிலிண்டரோட எந்திரிச்சாலே இடுப்பு புடிச்சுக்குது, அதான் சிலிண்டர முதுகுல இல்லாம உடம்போட ரெண்டு பக்கமும் மாட்டிக்கற சைட்மவுன்ட் கத்துக்கலாம்னு பாக்கறேன். ரெக்ரியேஷனல் (சாதாரண பொழுதுபோக்கு டைவிங்) லெவல் காசுக்குத் தண்டம், நேரா டெக்ல (பல சிலிண்டரோட பண்ற டெக்னிக்கல் டைவிங்) சேருன்னு ஃப்ரெண்டு சொல்றான். என்ன பண்ணட்டும்?

பதில்: தம்பி, மொதல்ல இடுப்ப டைவிங் தெரிஞ்ச டாக்டர்கிட்ட காட்டுங்க. டைவ் முடிஞ்சு வலிச்சா அது பழைய வலியா இல்ல டிகம்ப்ரெஷன் நோயான்னு (மேல வரும்போது உடம்புக்குள்ள வாயுக் குமிழி உண்டாகி வர்றது) பிரிச்சுப் பாக்கறது ரொம்ப கஷ்டம், அதனால இத தள்ளிப்போடவே கூடாது.

அவர் ஓகே சொன்னா சைட்மவுன்ட் உங்களுக்கு நல்லாவே ஒத்து வரும், ஒவ்வொரு சிலிண்டரா தனித்தனியா தூக்கிக்கலாம் இல்லையா.

உங்க ஃப்ரெண்டு சொல்றது பேப்பர்ல சரிதான். டைவிங் சர்டிஃபிகேட் குடுக்கற பாடி (PADI) அமைப்போட டெக் சைட்மவுன்ட்டுக்கு 18 வயசு, அட்வான்ஸ்ட், 30 டைவ் இருந்தா சேத்துக்குவாங்க. ஆனா ரெக்ரியேஷனல் கோர்ஸே நீச்சல்குளத்துல ஒண்ணு, கடல்ல மூணு டைவ்தான், அதைத் தாண்டிக் குதிக்கறதுல என்ன லாபம்னு எனக்குப் புரியல.

அதுல கத்துக்கற முக்கியமான விஷயம் கேஸ் பேலன்ஸ். ரெண்டு சிலிண்டரும் தனித்தனி, ஒண்ணுக்கொண்ணு கனெக்ஷன் கிடையாது, அதனால ரெண்டுலயும் காத்து கிட்டத்தட்ட சமமா குறையற மாதிரி 30 பார், 40 பார் (காத்தழுத்த அளவு) குறையறப்போ ஒருதடவ ரெகுலேட்டர (வாயில வெச்சு மூச்சு விடற கருவி) மாத்தி மாத்தி மூச்சு விடணும், ஏன்னா எந்தப் பக்கம் கெட்டுப்போனாலும் மிச்சம் இருக்கற பக்கத்துல மேல வர அளவுக்குக் காத்து இருந்தே ஆகணும். அப்புறம் அலுமினிய சிலிண்டர், காத்து குறையக் குறைய அடிப்பக்கம் மிதந்து மேல தூக்கிக்கும், அப்போ கீழ் கிளிப்ப பின்னாடி டி-ரிங்ல (D வடிவ வளையம்) இருந்து இடுப்புக்கு முன்னாடி இருக்கற ரிங்குக்கு மாத்தணும். கையப் பாக்காம, மட்டமா மிதந்துக்கிட்டே இத செய்ய வரணும். இதெல்லாம் தானா வர்ற வரைக்கும் டெக் பக்கம் போகாதீங்க, அங்க மூணாவது நாலாவது சிலிண்டர் வேற சேரும், 50 சதவீத ஆக்சிஜன் கேஸ 21 மீட்டர் ஆழத்துக்கு ஏறி வந்தப்புறம்தான் வாயில வைக்கணும், அதையே தடுமாறி 40 மீட்டர் ஆழத்துல இழுத்தா தண்ணிக்குள்ளயே வலிப்பு வந்துரலாம்.

நம்ம ஊர் விஷயம் இன்னொண்ணு. சைட்மவுன்ட் வளந்தது இங்கிலாந்து, ஃப்ளோரிடா குகைங்கள்ல. அங்க அலை கிடையாது. இங்க அலிவால் ஷோலுக்குக் கிளம்பற உம்கோமாஸ்ல ரப்பர் டக் (காத்தடிச்ச ரப்பர் படகு) அலைய வெட்டிக்கிட்டுப் போகும், கால ஸ்ட்ராப்புல மாட்டிட்டு உக்காந்திருப்பீங்க, ஸ்பாட் வந்ததும் ஸ்கிப்பர் மூணு எண்ணி எல்லாரையும் ஒண்ணா பேக்ரோல் பண்ண (பின்பக்கமா தண்ணில சாஞ்சு விழ) சொல்வார். அந்த ஆட்டத்துல ரெண்டு சிலிண்டரையும் மாட்ட நேரம் ஆகும், தண்ணிக்குள்ள போய் மாட்டலாம்னா நீரோட்டம் உங்கள பாறைத்திட்ட விட்டே தள்ளிட்டுப் போயிரும். ஸ்கிப்பர்கிட்ட முன்னாடியே சொல்லி கடைசி ஆளா எறங்குங்க, இல்லேன்னா மொதல்ல ஒரே ஒரு சிலிண்டரோட சைட்மவுன்ட் பண்ணிப் பழகுங்க, அதுவும் ரெக்ரியேஷனல் கோர்ஸ்ல கேட்டா சொல்லித்தருவாங்க, இடுப்புக்கும் நல்லது.

இன்ஸ்ட்ரக்டரத் தேடும்போது விலைய அப்புறம் கேளுங்க, ரப்பர் டக்ல இருந்து சைட்மவுன்ட்ல எறங்கிப் பழக்கம் இருக்கான்னு மொதல்ல கேளுங்க. குளத்துலயும் குவாரிலயும் மட்டும் சொல்லிக்குடுக்கறவர்னா வேற ஆளப் பாருங்க தம்பி.