மேலாளர் பெயரைப் பார்த்தாலே படபடப்பு

கேள்வி: கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன், வயது 36. புது மேலாளர் வந்ததிலிருந்து அவர் அனுப்பும் மின்னஞ்சலைத் திறக்கவே பயம். நாற்பதுக்கு மேல் திறக்காமல் கிடக்கின்றன. அவசரமானவற்றைக் கணவர் படித்துச் சொன்ன பிறகே திறக்கிறேன். படுத்தால் 'வேலை போய்விடுமோ, பிள்ளைகள் படிப்பு என்னாகும், உடம்புக்கு ஏதாவது வந்துவிட்டால்' என்று ஒன்றைத் தொட்டு ஒன்றாக மனம் ஓடுகிறது. எல்லோரும் 'தைரியமாக இரு' என்கிறார்கள். பயம் போனால்தானே செய்ய முடியும்?

பதில்: சகோதரி, உங்களைக் கட்டிப்போட்டிருப்பது அந்தக் கடைசி வரிதான். திறக்காமல் தள்ளிவைக்கும் ஒவ்வொரு முறையும் சின்னதாக ஒரு நிம்மதி வருகிறதல்லவா? அந்த நிம்மதியைக் கூலியாக வாங்கிக்கொண்டு, 'திறக்காததால் தப்பித்தோம்' என்று மூளை குறித்துக்கொள்கிறது. அடுத்த முறை படபடப்பு இன்னும் சீக்கிரம் வரும். வேலையும் தேங்குவதால் பயத்துக்கு நிஜமான காரணமும் சேர்ந்துவிடும். அதனால் பயம் இருக்கும்போதே செய்யத் தொடங்க வேண்டும். குறைவது பிறகு நடக்கும்.

இரவில் ஓடுவதையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி: இந்த வாரத்துக்குள் நான் செய்யக்கூடியது ஏதாவது உண்டா? அஞ்சலுக்கு உண்டு. 'உடம்புக்கு ஏதாவது வந்துவிட்டால்' என்பதற்கு இல்லை. இரண்டாவது வகைக்குத் தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் அரை மணி ஒதுக்குங்கள். மற்ற நேரத்தில் அந்தக் கவலை வந்தால் ஒரு வரி குறித்துவிட்டு அந்த அரை மணிக்குத் தள்ளுங்கள். போர்கோவெக் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் 1983-இல் வெளியிட்ட முறை இது. படுக்கையிலோ தூங்கப்போகும் நேரத்திலோ மட்டும் வேண்டாம்.

அஞ்சலுக்குப் படிகள் அமைக்கலாம். ஒவ்வொரு செயலுக்கும் 0 முதல் 100 வரை பய மதிப்பெண் போடுங்கள். தலைப்புகளை மட்டும் வாசிப்பது 30, பழைய அஞ்சல் ஒன்றைத் திறப்பது 40, புதியதைத் தனியாகத் திறப்பது 60, அன்றே பதில் எழுதுவது 75, சந்தேகத்தை மேலாளரிடம் நேரில் கேட்பது 90 என்று இருக்கலாம்; உங்கள் எண்கள் வேறாகவும் வரும். 30, 40 அளவில் தொடங்குங்கள். ஒரே படியைப் பல நாள் திரும்பச் செய்து, எண் ஏறத்தாழ பாதியானதும் அடுத்ததற்குப் போங்கள். ஒரே அமர்வில் பயம் குறையாவிட்டால் தோற்றுவிட்டோம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

திறக்கும் முன் ஒரு வரி எழுதுங்கள்: என்ன நடக்கும் என்று நினைக்கிறேன், அதை எத்தனை சதவீதம் நம்புகிறேன்? 'மோசமாக இருக்கும்' என்று எழுதினால் சரிபார்க்க வழியில்லை. 'என் அறிக்கையைக் குறைசொல்லியிருப்பார், 80' என்றால் திறந்ததும் தெரிந்துவிடும். உண்மையில் என்ன இருந்தது என்பதைப் பக்கத்திலேயே எழுதுங்கள். பலர் சோம்பலில் இதை விட்டுவிடுகிறார்கள். பயிற்சியின் பாதிப் பலன் அதோடு போய்விடும்.

படபடப்பு உச்சத்தில் இருக்கும்போது மூடிவிட்டால் பழைய பாடமே உறுதியாகும். கடைசி வரி வரை படியுங்கள். கணவர் முன்கூட்டிப் படித்தால், 'அவர் இருந்ததால் தப்பித்தேன்' என்றாகிவிடும். அவர் பக்கத்து அறையில் இருக்கட்டும், பிறகு அதுவும் வேண்டாம். ஆவேசத்தில் ஒரே நாளில் நாற்பதையும் திறந்து, வாரம் முழுக்கத் தொடாமல் இருப்பதைவிட தினமும் 20 நிமிடம் நல்லது.

நிஜமாகவே கடுமையான அஞ்சல் வந்தால்? என்ன கேட்கிறார், எப்போதைக்கு, யாரிடம் உதவி கேட்கலாம் என்று மூன்றையும் எழுதுங்கள். 'பார்த்துவிட்டேன். வியாழக்கிழமைக்குள் முடித்து அனுப்புகிறேன்' என்ற பதில் அன்றைக்குப் போதும். நாள் குறிக்காத பதில் மறுபடி தேங்கும்.

ஒருமுறை மருத்துவரையும் பாருங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், காபி மிஞ்சினாலும் இதே படபடப்பு வரும். ஆறு மாதத்துக்கு மேலாகப் பெரும்பாலான நாட்களில் கவலையை அடக்க முடியாமல் தூக்கமும் கெட்டிருந்தால், மனநல மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ நேரில் செல்லுங்கள். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் அன்றே போக வேண்டும்.