தட்டணு எண்ணிக்கை சரி, மதகு திறக்கிறதா?

ரத்தம் நிற்க உதவும் தட்டணுக்களை (பிளேட்லெட்) பற்றி ஒரு தடவை பேசினால் போதும், கேள்விகள் வந்து குவிந்துவிடுகின்றன. மழைக்காலத்தில் முக்கால்வாசியும் டெங்குதான். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் மருத்துவர் இல்லை. ஆய்வகத்தில் தட்டணுவின் அயனி வாய்க்கால்களோடும் மரபணுக்களோடும் மல்லுக்கட்டுகிறவள். மாத்திரையை நிறுத்துவது, மாற்றுவது எல்லாம் உங்கள் டாக்டரிடம்.

கேள்வி: மகனுக்கு டெங்கு. பிளேட்லெட் 38,000-க்கு இறங்கிவிட்டது. பப்பாளி இலைச்சாறு கொடுத்தோம், மூன்று நாளில் 90,000. சாறுதானே காரணம்?

மகன் தேறியதில் சந்தோஷம். ஆனால் டெங்குவில் காய்ச்சல் விட்ட சில நாட்களில் தட்டணு தானாகவே ஏறத் தொடங்கும். சாறு குடிக்காத பக்கத்துக் கட்டில் பிள்ளைக்கும் ஏறியிருக்கும். பப்பாளி இலை எண்ணிக்கையைக் கொஞ்சம் சீக்கிரம் ஏற்றுவதாகச் சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. அதனால் ரத்தப்போக்கோ உயிரிழப்போ குறைந்தது என்று நிரூபணமாகவில்லை.

என் வருத்தம் வேறு. வீட்டில் எல்லாரும் அந்த ஒரு எண்ணையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். டெங்குவில் ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் ரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசிவதுதான். காய்ச்சல் விட்டு, ‘சரியாப் போச்சு’ என்று நிம்மதியாகிற அந்த ஓரிரு நாள்தான் கண்டம். விடாத வயிற்றுவலி, ஓயாத வாந்தி, சிறுநீர் குறைவது, கைகால் சில்லிட்டுப் போவது: இதில் எது தெரிந்தாலும் எண்ணிக்கை எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. தட்டணு ஏற்றச் சொல்லி மருத்துவர்களை நெருக்குவதிலும் பலன் இல்லை. 20,000 அல்லது அதற்கும் கீழே இறங்கிய, பெரிய ரத்தப்போக்கு இல்லாத டெங்கு நோயாளிகளில் ஒரு பாதிப் பேருக்கு முன்னெச்சரிக்கையாகத் தட்டணு ஏற்றி, சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ஒரு சோதனை நடந்தது. முடிவு 2017-இல் வெளிவந்தது. ஏற்றியவர்களுக்கு ரத்தப்போக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

கேள்வி: அயனி வாய்க்கால் நரம்புக்கும் இதயத்துக்கும்தானே? தட்டணுவுக்கு எதற்கு?

எனக்குப் பிடித்த கேள்வி, கொஞ்சம் நீட்டுகிறேன். தட்டணுவுக்கு வெளியே, ரத்தத்தில் இருக்கும் கால்சியம் உள்ளே இருப்பதைப்போல் ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு. கண்மாய் நிறைந்து, வயல் காய்ந்து கிடக்கிற மாதிரி. மதகைக் கொஞ்சம் தூக்கினால் போதும், பாய்ந்துவிடும். கால்சியம் போன்ற மின்னேற்றமுள்ள அணுக்களை, அதாவது அயனிகளை, விடும் அந்த மதகுகள்தான் அயனி வாய்க்கால்கள். பி2எக்ஸ்1 என்பது, அடிபட்ட செல்களிலிருந்து கொட்டும் ஏடிபி (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) பட்டதும் திறக்கும். ஒராய்1 கொஞ்சம் நிதானம்: தட்டணுவின் உட்சேமிப்பில் கால்சியம் தீர்ந்துவிட்டது என்று ஸ்டிம்1 என்ற புரதம் சேதி சொன்ன பிறகுதான் திறக்கும். கால்சியம் ஏறியதும் தட்டையாக மிதந்தது உருண்டு, முள் முளைத்து, பக்கத்தில் இருப்பதோடு ஒட்டிக்கொள்ளும்.

ஒட்டினால் மட்டும் போதாது என்பதை ஒரு நோயாளியிடமிருந்துதான் கற்றோம். 1979-இல் அமெரிக்காவில் விவரிக்கப்பட்டவர். தட்டணு எண்ணிக்கை சரி, ஒட்டுவதும் சரி, ஆனாலும் ரத்தம் நிற்கவில்லை. அவர் பெயராலேயே அது ஸ்காட் நோய்க்குறி ஆயிற்று. தட்டணுச் சவ்வின் உட்பக்கம் ஒளிந்திருக்கும் ஒரு கொழுப்பு, காயத்தின்போது வெளிப்பக்கம் புரள வேண்டும். உறைபொருள்கள் வந்து உட்காரும் திண்ணை அதுதான். அவருக்கு அது புரளவில்லை. புரட்டுவது யார் என்று தெரிய முப்பது வருஷம் ஆயிற்று. 2010-இல் ஜப்பானில் ஷிகேகாசு நகாட்டாவின் குழு டிமெம்16எஃப் என்ற புரதத்தைப் பிடித்தது. கால்சியம் வந்து தட்டினால் திறக்கும் அது, அயனியையும் விடும், கொழுப்பையும் புரட்டும். அதன் மரபணுவில்தான் பழுது. ஜெர்மன் ஷெப்பர்ட் நாய்களிலும் இதே நோய் உண்டு.

கேள்வி: மரபணு இருக்கும் உட்கருவே தட்டணுவுக்கு இல்லை என்கிறார்கள், அப்புறம் மரபணு எங்கிருந்து வந்தது?

தாய்ச் செல்லிடமிருந்து. எலும்பு மஜ்ஜையில் மெகாகேரியோசைட் என்று ஒரு பூதாகாரமான செல் இருக்கிறது. அதிலிருந்து பிய்ந்து வரும் துண்டுகள்தான் தட்டணுக்கள். தாய்ச் செல்லில் எழுத்துப் பிழை இருந்தால் துண்டுகள் எல்லாம் பிழையோடுதான் வரும். எங்கள் பாடு இதனால்தான் திண்டாட்டம்: தட்டணுவிலேயே மரபணுவைத் திருத்திப் பார்க்க வழியில்லை, தாய்ச் செல்லுக்கோ எலிக்கோ போக வேண்டும். எலித் தட்டணுவோ வேறு ரகம். மைக்ரோலிட்டருக்குப் பத்து லட்சம் வரை இருக்கும் (நமக்கு 1,50,000 முதல் 4,50,000). ரத்தத்தை உறையச் செய்யும் திராம்பின் என்ற நொதியை உணர நம் தட்டணு முதலில் நம்பும் பார்1 ஏற்பி அதில் கிடையாது.

கேள்வி: ஆஸ்பிரின் ஒரு மாத்திரைக்கு ஏன் ஒரு வாரம் வேலை?

உட்கரு இல்லாததால். ஆஸ்பிரின் முடக்கிய நொதியைத் தட்டணுவால் புதிதாகச் செய்துகொள்ள முடியாது. அது சாகும்வரை, அதாவது ஏழு முதல் பத்து நாள் வரை, முடங்கியே இருக்கும்.

கேள்வி: ஒரு லேபில் 60,000, மறுநாள் இன்னொன்றில் 2 லட்சம். யாரை நம்புவது?

குழாயைச் சந்தேகப்படுங்கள். ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமலிருக்கப் போட்டிருக்கும் இடிடிஏ என்ற பொருள், சிலர் ரத்தத்தில் தட்டணுக்களைத் திரள வைத்துவிடும். எண்ணும் இயந்திரம் திரளைத் தட்டணுவாகக் கணக்கில் சேர்க்காது. ஸ்லைடில் பூசி மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்லுங்கள், உறைவதைத் தடுக்க இடிடிஏ-க்குப் பதில் சிட்ரேட் இருக்கும் குழாயில் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: அத்தை மகனைக் கட்டியிருக்கிறேன். குழந்தைக்கு அடிக்கடி மூக்கில் ரத்தம், தொட்டால் கன்றிப்போகிறது. பிளேட்லெட் 3 லட்சம், கவலை வேண்டாம் என்கிறார்கள்.

மூக்கில் ரத்தம் வரும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு ஒன்றும் இருக்காது. ஆனால் 3 லட்சம் என்பதைக் காட்டி மட்டும் கதவைச் சாத்த வேண்டாம். எண்ணுவது ஒன்று, வேலை செய்கிறதா என்று பார்ப்பது வேறு. கிளான்ஸ்மான் நோயில் எண்ணிக்கை சரியாகவே இருக்கும், தட்டணுக்கள் ஒன்றோடொன்று கைகோக்காது. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் மரபணுவின் பழுதான பிரதி வந்தால்தான் நோய். இருவருமே நோயில்லாமல் ஒரு பழுதான பிரதியை மட்டும் சுமப்பவர்களாக இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. சொந்தத்தில் கட்டும்போது ஒரே பழுது இரண்டு பக்கமும் இருக்கும் சாத்தியம் கூடும். உங்கள் மேல் குற்றமில்லை. ரத்தநோய் நிபுணரிடம் தட்டணுச் செயல்பாட்டுச் சோதனை கேளுங்கள்.

கேள்வி: கல்லூரி மாணவி நான். தட்டணுவைக் கண்ணால் பார்க்க முடியுமா?

தனித்தனியாக முடியாது, கூட்டமாக முடியும். ரத்தத்தை சென்ட்ரிஃப்யூஜில் மெதுவாகச் சுற்றினால் மேலே வைக்கோல் நிறத்தில் தெளிவு நிற்கும். குழாயை ஜன்னலோரம் பிடித்து லேசாக ஆட்டுங்கள், பட்டுச்சேலை மடிப்பு மாதிரி ஒளி சுழன்று ஓடும். தட்டையான தட்டணுக்கள் வெளிச்சத்தில் திரும்புவதுதான் அது. ரத்த வங்கியில் பையைத் தூக்கிப் பார்ப்பதும் இதற்குத்தான். நான் ஆய்வு மாணவியாகச் சேர்ந்த புதிதில், நான்கு பேரிடம் கெஞ்சி வாங்கிய ரத்தத்தின் தெளிவை, கெட்டுவிடக் கூடாதே என்று ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். வந்து ஆட்டினால் சுழல் இல்லை, வெறும் மோர். குளிரில் எல்லாம் உருண்டு போயிருந்தன. தட்டணுவுக்கு 22 டிகிரி வேண்டும், ஆடிக்கொண்டும் இருக்க வேண்டும். அந்த நான்கு பேரில் இருவர் அப்புறம் எனக்கு ரத்தமே கொடுக்கவில்லை.