முள்ளம்பன்றி முள் உள்ளேயே ஒடிந்துவிட்டால்?

கேள்வி: திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் வசிக்கிறோம். விடுமுறைக்கு எங்கள் நாயையும் அழைத்துக்கொண்டு ஜவ்வாதுமலை அடிவாரத்தில் இருக்கும் மாமனார் ஊருக்குப் போயிருந்தோம். இரவில் கடலைக்கொல்லைப் பக்கம் ஓடிய நாய், முகத்திலும் முன்காலிலும் முள்ளம்பன்றி முட்களோடு திரும்பி வந்தது. மாமனார் பிளேயரால் பிடுங்கினார். தாடையருகே ஒரு முள் ஒடிந்துவிட்டது. நாயைப் பிடித்துக்கொண்டிருந்த என் கணவரின் கட்டைவிரலில் பல் பட்டு ரத்தம் வந்தது. இது நடந்து நான்கு நாளாகிறது. இப்போது நாயின் தாடைக்குக் கீழே நெல்லிக்காய் அளவுக்கு வீங்கியிருக்கிறது. சோறு தின்னத் தயங்குகிறது. மஞ்சள் பற்றுப் போட்டால் முள் தானாக வெளியே வந்துவிடும் என்கிறார்கள். முள்ளில் விஷம் உண்டா, டாக்டர்?

பதில்: நாய்க்கு முன் உங்கள் கணவரின் விரலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன அந்த இடத்தில்தான் எனக்குப் பதற்றம். ‘நம் வீட்டு நாய்தானே, வலி தாங்காமல் கடித்துவிட்டது’ என்று விட்டுவிடாதீர்கள். ரேபிஸ் நோய் வந்தபின் காப்பாற்ற வழியில்லை. வருமுன் தடுக்க உறுதியான வழி இருக்கிறது. பல் பட்டவுடன் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவியிருக்க வேண்டும். கழுவினாரோ இல்லையோ, நான்கு நாள் கடந்துவிட்டதே என்று தயங்காமல் இன்றே ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள். தடுப்பூசி அங்கே இலவசம். ரத்தம் வந்த காயம் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் மருந்து தேவையா என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். டி.டி. ஊசி பற்றியும் கேட்கட்டும்.

கடித்த நாளிலிருந்து 10 நாள் நாயைக் கண்காணிக்க வேண்டும். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தாடை வலியால் தின்ன முடியாத நாயும் எச்சில் வடிக்கும். ரேபிஸ் கண்ட நாயும் எச்சில் வடிக்கும். இரண்டையும் வீட்டில் வைத்துப் பிரித்தறிய முடியாது. ஆகவே முள் எங்கே என்று பார்ப்பதற்காக நீங்களோ பிள்ளைகளோ அதன் வாய்க்குள் கையை விட வேண்டாம். கடித்த விவரத்தைக் கால்நடை மருத்துவரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள்.

இனி நாய். முள்ளில் விஷம் கிடையாது. ஆனால் அது மண்ணிலும் புதரிலும் புரண்ட முள். தைக்கும்போது கிருமியையும் உள்ளே கொண்டுபோய்விடுகிறது. நான்காம் நாளில் தாடைக்குக் கீழே வீக்கம் என்றால், அங்கே சீழ் கோக்கத் தொடங்கியிருக்கிறது என்றுதான் முதலில் சந்தேகிப்பேன். அதன் நடுவே முள் துண்டு இருக்கலாம். பற்றுப் போட்டு அதை வெளியே வரவழைக்க முடியாது. சில சமயம் சீழ் உடையும்போது துண்டும் சேர்ந்து வெளியே வருவதுண்டு. அதை நம்பிக் காத்திருப்பது ஆபத்து. நாய் மெல்லும்போதும் விழுங்கும்போதும் கழுத்தைத் திருப்பும்போதும் தசைகள் அசைகின்றன. அந்த அசைவே கூர்முனையை மேலும் மேலும் உள்ளே தள்ளும். தாடையில் ஒடிந்த முள் தொண்டைப் பக்கமோ கண்ணுக்குப் பின்னாலோ போகலாம். முன்காலில் தைத்தது மூட்டுக்குள்ளோ மார்புக்கூட்டுக்குள்ளோ இறங்கலாம்.

இணையத்தில் நாயின் மூக்கெல்லாம் முட்களோடு வரும் படங்களில் பல வட அமெரிக்காவில் எடுத்தவை. அந்த ஊர் முள்ளம்பன்றியின் முள் சிறியது; நுனியில் கண்ணுக்குத் தெரியாத அளவில், தூண்டில் முள்போலப் பின்னோக்கிய கொக்கிகள் இருக்கும். நம் ஊர் முள்ளம்பன்றிக்கு அந்தக் கொக்கிகள் இல்லை. முள் வழவழப்பானது. ஆனால் தடித்தது, நீளமானது. பின்பக்கமாகப் பாய்ந்து குத்தும்போது மிக ஆழமாக இறங்கிவிடும். இப்படிக் குத்துப்பட்டுச் சிறுத்தையும் புலியும்கூடச் செத்திருக்கின்றன. அதனால், வெளியே சின்ன ஓட்டையாகத் தெரிகிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள்.

முள்ளின் முனையை வெட்டிவிட்டால் உள்ளே இருக்கும் காற்று வெளியேறி, முள் சுருங்கிச் சுலபமாக வரும் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது தவறு. வெட்டினால் முள் சிம்பாகப் பிளக்கும்; பிடித்து இழுக்கவும் இடமிருக்காது. பிளேயரால் அழுத்திப் பிடித்துத் திருகினாலும் இதேதான் நடக்கும். மாமனாரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நள்ளிரவில் மருத்துவர் இல்லாத ஊரில், துடிக்கிற நாயை வைத்துக்கொண்டு யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள். அவர் பிடுங்கிய முட்களை எடுத்து வைத்திருந்தால் வாங்கி வாருங்கள். நுனி முழுதாக இருக்கிறதா, மழுங்கியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால், இன்னும் எத்தனை துண்டு உள்ளே இருக்கக்கூடும் என்று ஓரளவு கணிக்கலாம்.

வேப்பேரியில் 1903 முதல் இயங்கிவரும் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கு நாளைக் காலை முதல் வேலையாகக் கூட்டிப் போங்கள். உங்கள் பகுதியில் ஸ்கேன் வசதியும் மயக்கம் கொடுக்கும் வசதியும் உள்ள கால்நடை மருத்துவர் இருந்தால் அவரிடமும் போகலாம். மூச்சு வாங்கினாலோ ஒரு கண்ணைத் திறக்க முடியாமல் மூடிக்கொண்டாலோ காலை வரை காத்திருக்க வேண்டாம். எக்ஸ்ரே மட்டும் எடுத்து ‘ஒன்றும் தெரியவில்லை’ என்று வந்தால் நிம்மதியடையாதீர்கள். முள் என்பது நம் நகமும் முடியும் எந்தப் பொருளால் ஆனதோ அதே பொருள். எக்ஸ்ரேயில் பெரும்பாலும் பிடிபடாது. அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில்தான் சதைக்குள் இரண்டு வெள்ளை இணைகோடுகளாகத் தெரியும். இடம் தெரிந்தபின் மயக்கம் கொடுத்து, முடியை மழித்து, சிறிதாகக் கீறி எடுப்பார்கள். அதே மயக்கத்தில் நாக்கின் அடி, ஈறு, அண்ணம், கால்விரல் இடுக்கு எல்லாவற்றையும் விரலால் தடவிப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அடர்ந்த முடிக்குள் ஒடிந்து நிற்கும் முள் கண்ணுக்குத் தெரியாது, விரலில்தான் உறுத்தும்.

மயக்கம் தேவைப்படும் என்பதால் இன்று இரவுச் சோற்றோடு நிறுத்திவிடுங்கள், தண்ணீர் கொடுக்கலாம். ஆட்டோவில் ஏற்றும்போது தாடையைப் பிடித்துத் தூக்க வேண்டாம். வாயைத் துணியால் கட்டவும் வேண்டாம். உள்ளே இருக்கும் முள் அழுந்தும், இந்த வெக்கையில் வாயைத் திறந்து மூச்சு வாங்க முடியாமல் நாய் திணறும். வீட்டில் இருக்கும் பாரசிட்டமால், புரூஃபென், டைக்ளோஃபினாக் எதையும் தயவுசெய்து கொடுக்காதீர்கள். நமக்கு வலி தீர்க்கும் மாத்திரை நாயின் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையோ கல்லீரலையோ கெடுக்கும். புண் திறந்திருந்தால் ஈ மொய்த்துப் புழு வைக்கும். மண்ணெண்ணெய், கற்பூரம் என்று எதையும் ஊற்றாமல், உப்புக் கரைத்து ஆறவைத்த வெந்நீரால் துடைத்து வையுங்கள், அது போதும்.

எடுத்து முடித்த பிறகும் சில மாதங்கள் கவனம் தேவை. நொண்டல், புதிதாக ஒரு கட்டி, ஆறிய இடத்தில் மறுபடி நீர் கசிவு, இருமல் என எது வந்தாலும் ‘முன்பு முள்ளம்பன்றி முள் தைத்தது’ என்று மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது இருட்டியபின் நாயைக் கட்டிவையுங்கள். முள்ளம்பன்றி இரவில்தான் இரை தேடி வரும். கடலையும் கிழங்கும் அதற்குப் பிடித்தமானவை. ஒருமுறை குத்துப்பட்ட நாய் இனிப் போகாது என்று எண்ண வேண்டாம். திரும்பவும் துரத்துகிற நாய்கள் நிறைய. நாயை ஏவி அதைப் பிடிக்கப் பார்ப்பதும் குற்றம். 1972ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதற்குப் பாதுகாப்பு அளிக்கிறது. மீண்டும் தைத்துவிட்டால், நாய் முன்காலால் முகத்தைத் தேய்க்காமல் பிடித்துக்கொண்டு, முட்களைத் தொடாமல், 24 மணி நேரத்துக்குள் பக்கத்து டவுனில் இருக்கும் கால்நடை மருத்துவரிடம் சேர்த்துவிடுங்கள். நாளைக்குப் போகும்போது நாயின் தடுப்பூசி அட்டையை எடுத்துச் செல்ல மறக்க வேண்டாம். கணவர் ஸ்டான்லிக்குப் போகும்போது அதன் நகல் ஒன்று அவர் கையிலும் இருக்கட்டும்.