தண்ணீர் எங்கே?

கேள்வி: தனியார் வங்கியில் வேலை. டார்கெட் நெருக்கடி. ஏழு மாதமாக மொபைல் ஆப் வைத்துக்கொண்டு காலையில் இருபது நிமிடம் மூச்சுப் பயிற்சி செய்கிறேன். செய்து முடித்ததும் அமைதியாக இருக்கிறது. பதினோரு மணிக்கெல்லாம் படபடப்பு திரும்பிவிடுகிறது. நண்பர் ஒருவர் இரண்டு நாள் அத்வைதப் பட்டறைக்குக் கூப்பிடுகிறார். ‘நான் உடலல்ல, மனமல்ல, சாட்சி’ என்று உணர்ந்துவிட்டால் டென்ஷன் அடியோடு போய்விடுமாம். வீட்டிலேயே முயன்று பார்த்தேன். நேற்று மனைவி பையனின் ஸ்கூல் ஃபீஸ் பற்றிக் கேட்டபோது சாட்சியாக, எதிலும் ஒட்டாமல் சும்மா பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவளுக்குப் பயங்கரக் கோபம். இரண்டில் எது நல்ல டெக்னிக்? (பெயர் வேண்டாம், கோவை)

பதில்: முதலில் உங்கள் மூச்சுப் பயிற்சிக்காகக் கொஞ்சம் வக்காலத்து வாங்குகிறேன். மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விட்டால் இதயத் துடிப்பு தணிகிறது. அது நரம்பு செய்கிற வேலை. அதற்கு நம்பிக்கைகூடத் தேவையில்லை. இருபது நிமிடத்தில் அது தன் வேலையை ஒழுங்காக முடித்துவிடுகிறது. பதினோரு மணிக்கு டார்கெட் கேட்டு போன் வந்தால் மூச்சு என்ன செய்யும், பாவம்? தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டு, நாளைக்கும் தலைவலி வரக்கூடாது என்று மாத்திரையிடம் சண்டை போடுகிறீர்கள்.

இந்தப் படபடப்பைப் பற்றித் திருவண்ணாமலையில் நூறு வருடத்துக்கு முன்பே பேசியாகிவிட்டது. 1902-இல் சிவப்பிரகாசம் பிள்ளை என்ற வருவாய்த் துறை ஊழியர் (அவரும் உங்களைப் போல ஆபீஸ் போய் வந்தவர்தான்) மலைமேல் இருந்த ரமணரிடம் போய்க் கேள்விகள் கேட்டார். ரமணர் அப்போது பேசுவதில்லை, எழுதிக் காட்டினார். அதுதான் பிற்பாடு ‘நான் யார்?’ என்று நூலாக வந்தது. மூச்சை அடக்கினால் மனம் அடங்கும். மூச்சு கிளம்பினால் மனமும் கிளம்பி அலையும் என்று அதில் வருகிறது. மூச்சுப் பயிற்சி மனத்தை அடக்கத் துணை செய்யும், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள் என்பதுதான் கணக்கு.

1927-இல் எழுதிய ‘உபதேச உந்தியா’ரில் இதையே இன்னும் கறாராகப் பிரித்துவிடுகிறார். மனம் ஒடுங்குவது இரண்டு வகை: லயம், நாசம். லயித்தது மறுபடி எழுந்துகொள்ளும், நாசமானது எழாது. இதற்கு அவர் சொல்லும் கதை ஒன்று உண்டு. கங்கைக் கரையில் தவம் செய்த யோகி சமாதி கலைந்து எழுந்தார், தாகம். சீடனைத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அவன் வருவதற்குள் மறுபடி லயத்தில் மூழ்கிவிட்டார். பல நூறு வருடங்கள் ஓடின. ராஜ்யங்கள் மாறின, சீடன் போய்ச் சேர்ந்தான். கண் விழித்ததும் யோகி கேட்ட முதல் கேள்வி: “தண்ணீர் எங்கே?”

உங்கள் ஆப் தருவது இருபது நிமிட லயம். பதினோரு மணிக்கு நீங்கள் கேட்பதும் அதே தண்ணீரைத்தான்.

சரி, பட்டறைக்கு வருவோம். அத்வைதம் டென்ஷனைக் குறைப்பதாக எங்கே சொன்னது? டென்ஷன் யாருக்கு என்று கேட்கச் சொன்னது. இரண்டும் ஒன்றல்ல. பணம் கட்டிவிட்டு, ‘எனக்கு எப்போது பலன் கிடைக்கும்?’ என்று காத்திருக்கிறாரே ஒருவர், அவர் யார் என்பதுதான் அங்கே விசாரணை. அவருக்கு நிம்மதி வாங்கித் தருவதாக விளம்பரம் செய்தால், யாரை விசாரிக்க வேண்டுமோ அவரையே மாலை போட்டு மேடையில் உட்காரவைத்த மாதிரி. சுகமே நம் இயல்பு என்று ‘நான் யார்?’ நூல் சொல்கிறதே என்று நீங்கள் மடக்கலாம். சொல்கிறதுதான். இயல்பு என்றால் இரண்டு நாள் பயிற்சியில் தயாரிக்கிற சரக்கு இல்லை என்றும் அர்த்தம்.

சாட்சி என்றால் வலி, தொல்லை எதுவும் அண்டாது என்றும் எண்ணாதீர்கள். ரமணருக்கு இடது கையில் புற்றுநோய்க் கட்டி. 1949-இல் மட்டும் நான்கு அறுவை சிகிச்சைகள். 1950 ஏப்ரல் 14 அன்று காலமானார். வைத்தியர்கள் வந்து கட்டுப்போட்டார்கள், அவர் கையை நீட்டினார். உடம்பின் காரியம் உடம்பின் காரியமாக நடந்தது.

உங்கள் காரியத்தையும் அப்படிப் பிரித்துப் பாருங்கள். தினமும் படபடப்பு என்றால் ஒரு டாக்டரிடம் காட்டுங்கள். டார்கெட் அநியாயம் என்றால் மேலாளரிடம் பேசுங்கள்; பேசிப் பயனில்லை என்றால் வேறு வேலை தேடுங்கள். மூச்சுப் பயிற்சியை விட்டுவிடாதீர்கள், அது பாட்டுக்கு நடக்கட்டும். ‘நான் யார்’ என்ற கேள்வி உண்மையிலேயே உங்களைக் குடைந்தால், அப்போது அதற்குள் இறங்குங்கள். குடையவில்லை என்றாலும் குற்றமில்லை, பலருக்கும் குடைவதில்லை.

கடைசியாக, நேற்று நடந்தது. மனைவி பேசும்போது உள்ளே என்ன ஓடியது என்று நினைத்துப் பாருங்கள். ‘நான் சாட்சியாக இருக்கிறேனா, இவள் எப்போது முடிப்பாள்?’ இதுதானே? இதற்கு நம்ம ஊரில் காதில் போட்டுக்கொள்ளாமல் இருப்பது என்று பெயர், கல்யாணமான ஆண்களுக்கு எந்தப் பட்டறையும் இல்லாமலே வரும். அவர் கேட்டது ஸ்கூல் ஃபீஸ் பற்றி. கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டேன், கட்டினீர்களா என்று எங்கேயும் இல்லை.