ஏற்காட்டுக் குளிரே ஆகாத அம்மாவை அலாஸ்கா கப்பல்ல கூட்டிட்டுப் போகலாமா?

அப்பா அம்மாவோட 40வது கல்யாண நாளுக்கு ஜூலையில அலாஸ்கா கப்பல், ஆனா அம்மாவுக்கு ஏற்காட்டுக் குளிரே ஆகாதுன்னு எழுதியிருக்கீங்க. தயங்காம கூட்டிட்டுப் போங்க. கப்பல் நிக்கிற அலாஸ்கா தலைநகர் ஜூனோவுல அப்போ பகல்ல பெரும்பாலும் 15 டிகிரிக்கு மேலதாங்க இருக்கும், நம்ம ஏற்காட்டு மார்கழிக் காலை மாதிரி. கப்பலுக்குள்ள கதகதப்புதான். படுத்துறது மழையும், பனியாறு பக்கம் போறப்ப மேல்தளத்துல அடிக்கிற காத்தும். தடி ஸ்வெட்டர் ஒண்ணை நம்பாதீங்க. உள்ள தெர்மல் உள்ளாடை, நடுவுல கம்பளி, மேல மழை புகாத ஜாக்கெட், காதுக்குக் குல்லா. கல்யாண நாளன்னிக்கு சாப்பாட்டுக் கூடத்துல அம்மா தாராளமா பட்டுப்புடவை கட்டட்டும்!

எனக்குக் கவலை விசாதான். வான்கூவர்ல ஏறினா அமெரிக்க விசாவோட கனடா விசாவும் வேணும். சியாட்டில்ல ஏறினாலும் கப்பல் பெரும்பாலும் விக்டோரியாவுல நிக்கும், அதுவும் கனடாதான். முழுப்பணம் கட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு விசாவையும் கையில வாங்கிடுங்க.