ஆடும் நட்சத்திரம், காணாத கோள்: கேள்வி பதில்

புறக்கோள்களை (வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்களை), நட்சத்திரம் நம்மை நோக்கி வரும், விலகும் வேகத்தை அளந்து கண்டறியும் ஆரத் திசைவேக முறை பற்றி, புதுச்சேரி, கடலூர் வானியல் ஆர்வலர்கள் கேட்டவை.

ஐயா, கோளைப் பார்க்காமலே இருக்கிறது என்று எப்படிச் சொல்கிறார்கள்? (முத்தியால்பேட்டை)

கோள் நட்சத்திரத்தை இழுப்பதால் நட்சத்திரமும் லேசாகச் சுற்றுகிறது. நம் பக்கம் வரும்போது அதன் நிறமாலைக் கோடுகள் (ஒளியை நிறங்களாகப் பிரித்தால் தெரியும் கருங்கோடுகள்) நீலத்தை நோக்கியும், விலகும்போது சிவப்பை நோக்கியும் நகரும். நகர்வு எவ்வளவு சிறியது என்பதில்தான் சிரமமே. வியாழன் நம் சூரியனை நொடிக்குச் சுமார் 12.5 மீட்டர் வேகத்தில் அசைக்கிறது. 500 நானோமீட்டர் அலைநீளத்தில் உள்ள கோடு அதனால் 0.00002 நானோமீட்டர்தான் நகரும். ஒரு கோட்டை நம்பிப் பயனில்லை. ஆயிரக்கணக்கான கோடுகளைச் சேர்த்து, இடம் துல்லியமாகத் தெரிந்த தோரியம்-ஆர்கான் விளக்கின் கோடுகளோடு ஒப்பிட்டு அளக்கிறார்கள். 1995இல் மிஷேல் மேயரும் திதியே கெலோவும் 51 பெகாசி என்ற நட்சத்திரத்தில் இப்படித்தான் 4.2 நாளில் சுற்றும் கோளைக் கண்டார்கள். 2019இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஒன்றை மறக்காதீர்கள்: இந்த முறை மட்டும் தருவது குறைந்தபட்ச நிறை.

51 பெகாசியின் கோள் வியாழனில் பாதி நிறைதானே? (மஞ்சக்குப்பம்)

'குறைந்தது' என்று சேருங்கள். பாதையின் சாய்வு தெரியாதவரை நிறை அதற்கு மேலும் இருக்கலாம்.

1769இல் பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்தி புதுவையில் பார்க்கக் காத்திருந்ததும் இதுவும் ஒன்றா? (வில்லியனூர்)

இல்லை. அது வெள்ளி சூரியனின் முகத்தைக் கடப்பது. மேகம் மறைத்துவிட்டது, பாவம். கெப்ளர் விண்வெளித் தொலைநோக்கி அந்தக் கடப்பு முறையில்தான், கோள் குறுக்கே வரும்போது நட்சத்திர ஒளி மங்குவதைப் பார்த்து, கோள்களைத் தேடியது. இரண்டு முறையும் சேர்ந்தால் உண்மை நிறை கிடைக்கும். மவுண்ட் அபுவில் உள்ள பாரஸ் நிறமாலைமானி (நிறமாலைக் கோடுகளை அளக்கும் கருவி) 2018இல் அப்படித்தான் ஒரு கோளுக்குச் சுமார் 27 பூமி நிறை என்று கண்டது.

ஆல்ஃபா சென்டாரி பி நட்சத்திரத்துக்குக் கோள் உண்டு என்று 2012இல் சொன்னார்கள், 2015இல் இல்லை என்றார்கள். எப்படி நம்புவது? (லாஸ்பேட்டை)

அந்த ஆட்டம் நொடிக்கு அரை மீட்டர்தான். நட்சத்திரத்தின் சொந்தச் சலசலப்பும், அளவெடுத்த இரவுகளின் இடைவெளியும் சேர்ந்து 3.24 நாள் என்ற பொய்யான சுழற்சியைக் காட்டிவிட்டன. அதே தரவை மறுபடி அலசித்தான் வேறொரு குழு அதைக் கண்டுபிடித்தது. இதைவிட நம்பிக்கை தருவது எது?

அப்படியானால் ப்ராக்ஸிமா நட்சத்திரத்தின் கோளும் நாளை காணாமல் போகுமே? (அதே நண்பர்)

போகாது. 2016இல் அறிவித்த அந்த 11.2 நாள் சுழற்சியை, 2020இல் எஸ்பிரெஸ்ஸோ என்ற நிறமாலைமானி தன் சொந்த அளவீடுகளில் தனியாகக் கண்டது. வேறு கருவி, வேறு இரவுகள், அதே நாள் கணக்கு. ஒரே கருவி, ஒரே ஆய்வு என்றால் சந்தேகப்படுங்கள். நானும் சேர்ந்து சந்தேகப்படுகிறேன். எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

ப்ராக்ஸிமா கோள் பூமி அளவுதானே? (கடலூர் முதுநகர்)

மேலே சொன்னதை மறுபடி படியுங்கள். குறைந்தபட்ச நிறைதான் தெரியும், அளவு தெரியாது.

எந்தத் தொலைநோக்கி வாங்கலாம்? (நெல்லித்தோப்பு)

அது என் துறை இல்லை. சொந்தமாகத் தொலைநோக்கி வைத்திருப்பவர்களைக் கேளுங்கள்.

சூரியனைப் போன்ற நட்சத்திரத்தில் இன்னொரு பூமியைப் பிடிக்க முடியுமா? (திருப்பாதிரிப்புலியூர்)

பூமி சூரியனை அசைப்பது நொடிக்கு 9 சென்டிமீட்டர். எஸ்பிரெஸ்ஸோவின் இலக்கு 10 சென்டிமீட்டர். கருவி கிட்டத்தட்ட வந்துவிட்டது. ஆனால் சூரியனின் மேற்பரப்பே அதைவிடப் பல மடங்கு வேகத்தில் கொதித்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கொதிப்பைக் கணக்கிட்டுக் கழிக்கும் வழிதான் இப்போது வேண்டும். இயற்பியலும் புள்ளியியலும் படிக்கும் பிள்ளைகள் இதற்கு வர வேண்டும்.